சீன மணமகள், கொரிய மணமகன்: ஒரு கல்யாணத்துக்கு நிரல் எழுதுவது

உங்கள் கேள்வியை இரண்டு முறை படித்தேன். சிங்கப்பூரில் உங்களோடு வேலை செய்யும் சீனத் தோழி, தேகு நகரத்தைச் சேர்ந்த கொரியர் ஒருவரை மணக்கவிருக்கிறார். ஹோட்டல்காரர்கள் நீட்டும் ஆயத்தத் திட்டம் எதுவும் வேண்டாம், தங்களுக்கே உரிய சிறிய கல்யாணமாக இருந்தால் போதும் என்று இருவரும் நினைக்கிறார்கள். அன்றைய நிகழ்ச்சி நிரலை எழுதித் தரும் பொறுப்பு உங்கள் தலையில் விழுந்திருக்கிறது. மணமக்கள் பெரியவர்களை வணங்கும் சடங்குகளான சீனர்களின் தேநீர்ச் சடங்கையும் கொரியர்களின் பியேபெக்கையும் ஒன்றாக்கலாமா, எதை முதலில் வைப்பது, எந்த நேரத்துக்கு எந்த உடை என்று கேட்டிருக்கிறீர்கள். ஆனால் உங்கள் உண்மையான கவலை கடைசி வரியில்தான் இருக்கிறது: இரண்டு வீட்டுப் பெரியவர்களில் யாரும் தம் பிள்ளையின் கல்யாணத்துக்குத் தாமே விருந்தாளியாக வந்ததுபோல் உணர்ந்துவிடக் கூடாது. அந்த வரிக்குத்தான் இந்தப் பதில்.

நான் இங்கே விருந்து மண்டபங்களில் நிகழ்ச்சி ஒருங்கிணைப்பாளராகப் பதினாறு ஆண்டுகள் வேலை பார்த்தவன். நடத்திக் கொடுத்த சீனக் கல்யாணங்களுக்குக் கணக்கு இல்லை. அவற்றில் ஒரு பக்கம் கொரியக் குடும்பமாக இருந்தவை பதினொன்று. வரலாற்றாசிரியன் அல்லன் என்பதால், பழைய நூல்களில் இருப்பது எது, மண்டபத்தில் கண்ணால் பார்த்தது எது, என் சொந்த அபிப்பிராயம் எது என்பதைப் பிரித்தே சொல்கிறேன். சீனர் என்று பொதுவாகச் சொன்னாலும் ஹொக்கியன், கான்டனீஸ், தியோச்சூ, ஹக்கா என்று வீட்டுக்கு வீடு முறை மாறும். என் பழக்கம் பெரும்பாலும் முதல் இரண்டு சமூகத்தாரோடுதான். தியோச்சூ, ஹக்கா வீடுகளுக்கு நான் சொல்வதை அந்த வீட்டுப் பாட்டியிடம் ஒரு முறை காட்டிச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

முதலில் உறுதியாகத் தெரிந்ததிலிருந்து தொடங்குகிறேன். இந்த இரண்டு மரபுகளும் ஒரே வேரில் கிளைத்தவை. சீனாவின் பழைய சடங்கு நூலான யீலியில், அறிஞர் குலத்துத் திருமணத்துக்கென்று ஒரு தனி அத்தியாயம் உண்டு. பெண் கேட்பதில் தொடங்கி மணமகன் நேரில் வந்து பெண்ணை அழைத்துச் செல்வது வரை ஆறு படிகள். அவற்றில் ஐந்து படிகளுக்குக் காட்டு வாத்து ஒன்றை அன்பளிப்பாகக் கொண்டுபோக வேண்டும். மணமான மறுநாள் காலையில் மருமகள் மாமனார் முன்பு ஒரு கூடையில் இலந்தையும் கஷ்கொட்டையும் வைத்து வணங்குகிறாள். மாமியாருக்கு உலர்த்திய இறைச்சி. மணமக்கள் ஒரு சுரைக்காயை இரண்டாகப் பிளந்து செய்த குடுவைகளில் மது அருந்துகிறார்கள். இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேற்பட்ட இந்தக் குறிப்பைப் படித்துவிட்டு, இன்று சோல் நகரத்துக் கல்யாண மண்டபம் ஒன்றின் பின்னறையில் நடக்கும் பியேபெக்கைப் பார்த்தால் அசந்துபோவீர்கள். மாமனார் பக்கத்தில் இலந்தைப் பழங்களை நூலில் கோத்து அடுக்கிய கோபுரம். மாமியார் பக்கத்தில் உலர்ந்த மாட்டிறைச்சித் தட்டு. வாத்து மட்டும் மரவாத்து ஆகிவிட்டது. மணமகன் அதை ஒரு துணியில் சுற்றி எடுத்து வந்து, பெண்ணின் தாய் முன்பு வைத்து வணங்குகிறான்.

சீனாவிலேயே அந்த வாத்து காலப்போக்கில் மறைந்துபோனது. இலந்தையும் கஷ்கொட்டையும் மறையவில்லை. கட்டிலில் தூவும் பழங்களாக இடம் மாறிக்கொண்டன. சீன மொழியில் இலந்தையின் பெயர் 'சீக்கிரம்' என்ற சொல்லைப்போலவும், கஷ்கொட்டையின் பெயர் 'பிள்ளை பிறக்க' என்ற தொடரைப்போலவும் ஒலிப்பதால் உறவினர்கள் இன்றும் அவற்றை விடுவதில்லை. (இங்குள்ள கடைகளில் சிவப்புப் பேரீச்சை என்று விற்பது பேரீச்சை இல்லை, நம் ஊர் இலந்தைக்கு அண்ணன் முறை.) ஆகவே உங்கள் முதல் கேள்விக்கு விடை: தேநீர்ச் சடங்கையும் பியேபெக்கையும் தாராளமாக ஒன்றாக்கலாம். ஒட்டுப்போடும் வேலை அது இல்லை. பிரிந்துபோன இரண்டு பங்காளிகளை ஒரே பந்தியில் உட்காரவைக்கும் வேலை. இதை இரண்டு வீட்டுப் பெரியவர்களிடமும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். 'இது உங்களுடையது, இது அவர்களுடையது' என்று பாகம் பிரித்து நடத்திய கல்யாணங்களில்தான் நான் அதிக முகச்சுளிப்பைப் பார்த்திருக்கிறேன்.

ஒரு பெரிய வேறுபாட்டை மட்டும் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். சீன முறையில் மணமகன் பெண் வீட்டுக்குப் போய், அவளை அழைத்து வந்து, தன் வீட்டில் மணம் முடிக்கிறான். கொரியாவில் பழைய வழக்கம் இதற்கு நேரெதிர்: பெண் வீட்டு முற்றத்தில் கல்யாணம், மாப்பிள்ளை அங்கேயே சில காலம், சில குடும்பங்களில் பல ஆண்டுகள், தங்குவான். ஓர் ஆண் மணம் செய்துகொள்வதைக் கொரிய மொழியில் இன்றும் 'சாங்கா போகிறான்' என்றுதான் சொல்கிறார்கள்; சாங்கா என்றால் மாமனார் வீடு. சீன முறையே சரியான முறை என்று கருதிய, ஜோசொன் என்னும் பழைய கொரிய அரசு இதை மாற்றப் பார்த்தது. 1435-இல் செஜோங் மன்னர் அரச குடும்பத்துத் திருமணம் ஒன்றைச் சீன முறைப்படி நடத்தி வழிகாட்டினார். மக்கள் எளிதில் மசியவில்லை. அதற்கு நூறு ஆண்டுகள் கழித்து, 1536-இல், பெரும் அறிஞரான யுல்கொக் பிறந்தது தாய்வழி வீட்டில்தான்; காங்நுங் நகரத்தில் அந்த வீடு இன்னும் இருக்கிறது. அவருடைய தாயார் சின் சைம்தாங்கின் முகம் 2009-இல் வெளியான ஐம்பதாயிரம் வொன் கொரியப் பணத்தாளில் இருக்கிறது. இன்று கொரியக் கல்யாணங்களில் மொய் உறைக்குள் போவது பெரும்பாலும் அந்தத் தாள்தான் என்பது எனக்குப் பிடித்த ஒரு சின்னப் பொருத்தம்.

இதில் உங்களுக்குப் பயன்படும் செய்தி ஒன்று உண்டு. உங்கள் கல்யாணம் பெண்ணின் ஊரில் நடக்கிறது. சீனப் பெரியவர்கள் கண்ணில் இது மாப்பிள்ளை வீட்டாருக்குச் சிறிது மரியாதைக் குறைவாகத் தோன்றலாம். கொரிய மரபோ பெண் வீட்டுக் கல்யாணத்தைத்தான் மூலமுறையாக வைத்திருந்தது. மாப்பிள்ளையின் தந்தை இதை அறிந்தவராக இருந்தால், அவரையே விருந்தில் இரண்டு வாக்கியம் பேசச் சொல்லுங்கள்; நீங்கள் பத்து வாக்கியம் எழுதினாலும் அந்தப் பலன் கிடைக்காது.

இனி காலை நிகழ்ச்சி. மாப்பிள்ளை பெண் வீட்டு வாசலுக்கு வரும்போது தோழிப் பெண்கள் கதவை அடைத்துக்கொண்டு, விளையாட்டுப் போட்டிகள் வைத்து, அங்பாவ் (சிவப்பு உறையில் வைத்துத் தரும் பணம்) பேரம் பேசி உள்ளே விடுவது இங்குள்ள சீன வீடுகளின் வழக்கம். எல்லோரும் அதைக் கேட்கிராஷ் என்பார்கள். கொரியாவில் இதன் உடன்பிறப்பு கல்யாணத்துக்கு முன் ஓர் இரவில் நடந்துவந்தது. மாப்பிள்ளையின் நண்பர்கள் சீர்ப்பெட்டியைச் சுமந்துகொண்டு பெண் வீட்டுத் தெருவில் நின்று, 'பெட்டி வாங்குங்கள், பெட்டி!' என்று கூவுவார்கள். பெட்டிக்குப் பெயர் ஹாம். அதைச் சுமப்பவன் முகத்தில் உலர்ந்த கணவாய் மீனைத் துளையிட்டு முகமூடியாகக் கட்டியிருப்பான். பெண் வீட்டார் பண உறையைத் தரையில் வைத்தால் ஓர் அடி முன்னால் வருவான், மறுபடி நின்றுவிடுவான். அடுக்குமாடிக் குடியிருப்புகள் பெருகி, அண்டை வீட்டார் சத்தத்துக்குக் கோபிக்கத் தொடங்கியதும் கொரிய நகரங்களில் இது அருகிவிட்டது. ஹாமுக்குள் மாப்பிள்ளை வீட்டார் எழுதிய திருமணக் கடிதமும் சிவப்பு, நீலப் பட்டுத் துணிகளும் இருக்கும். பெண் வீட்டில் அதைச் சிவப்புப் பயறு தூவி அவித்த அரிசிமாப் பலகாரத்தின் மேல்தான் இறக்கி வைப்பார்கள்.

இரண்டையும் சேர்த்துவிடுங்கள். நான் நடத்திய ஒரு கல்யாணத்தில் ஒரு குடியிருப்புக் கட்டடத்தின் ஒன்பதாம் மாடி நடையில் மின்தூக்கிக் கதவு திறந்ததும் கணவாய் முகமூடியோடு ஒருவர் இறங்கினார். மணமகளின் பாட்டி இரும்புக் கதவின் கம்பிகளுக்கு இடையே பார்த்தார், பேச்சே இல்லை. பிறகு ஹொக்கியனில் ஏதோ சொன்னார். பேத்தி மொழிபெயர்த்தாள்: 'அந்தக் கணவாய் நல்ல கணவாய், வீணாக்காதீர்கள் என்கிறார்.' அடுத்த அரை மணி நேரத்தில் நான்கு தோழிகள் பேரம் பேசினார்கள், ஹாம் ஓரோர் அடியாக முன்னேறியது, இறுதியில் பாட்டி தம் கையால் வைத்த அங்பாவின் மேல் காலை வைத்துத் தாண்டி அது வீட்டுக்குள் வந்தது. கொரிய நண்பர்களுக்குச் சீனம் தெரியாது, தோழிகளுக்குக் கொரியம் தெரியாது. பேரத்துக்கு எந்த மொழியும் தேவைப்படவில்லை. சீனப் பெண் வீட்டுக்கு வர வேண்டிய சீர்வரிசையான குவோ தா லியை வேறொரு நாளில் தனியாக நடத்த விரும்பாத குடும்பம் என்றால், அதன் முக்கியப் பொருள்களை ஹாமுக்குள்ளேயே வைத்துவிடலாம். பெண் வீட்டார் ஒரு பகுதியைத் திருப்பித் தரும் வழக்கத்தையும் அங்கேயே முடித்துக்கொள்ளலாம்.

அதன்பின் பெரியவர்களை வணங்கும் சடங்கு. சீனத் தேநீர்ச் சடங்கில் மணமக்கள் மண்டியிட்டு, மூத்தோர் வரிசைப்படி ஒவ்வொரு தம்பதிக்கும் இரண்டு கைகளாலும் கோப்பையை நீட்டி, அவர்களை உறவுமுறை சொல்லி அழைத்துத் தேநீர் தருகிறார்கள். பெரியவர்கள் குடித்துவிட்டு அங்பாவோ நகையோ தருகிறார்கள். பியேபெக்கில் தேநீருக்குப் பதில் அரிசி மது. மண்டியிடுவதற்குப் பதில் உடலை முழுவதும் தாழ்த்தும் பெரிய வணக்கம். முன்பு இது மாப்பிள்ளை வீட்டாருக்கு மட்டும் உரிய சடங்கு. இப்போது பெண்ணின் பெற்றோரையும் உட்காரவைத்துச் செய்யும் குடும்பங்கள் நிறைய உண்டு. உங்கள் நிரலில் ஒரே அறை, ஒரே தாழ்ந்த மேசை, ஒரே வரிசை போதும். சீனப் பெரியவர்களுக்கு இலந்தையும் தாமரை விதையும் போட்ட தேநீர், கொரியப் பெரியவர்களுக்கு அவர்கள் மது. வணக்கம் மட்டும் எல்லோருக்கும் கொரியப் பெரிய வணக்கமாகவே இருக்கட்டும். மணமகளுக்கு ஹான்போக் என்னும் கொரிய மரபு உடையின் பாவாடையோடு இறங்கி எழ இரண்டு பக்கமும் கைத்தாங்கல் வேண்டும். ஒத்திகை பார்க்காமல் விடாதீர்கள். மங்கல நிகழ்ச்சிகளில் ஆணுக்கு இடக்கை மேலே, பெண்ணுக்கு வலக்கை மேலே. துக்க வீட்டில் இது தலைகீழாகும் என்பதால் கொரியக் கண்கள் இதைக் கவனிக்கும். உயிரோடு இருப்பவருக்கு ஒரு பெரிய வணக்கம், இறந்தவருக்கு இரண்டு என்பது அங்கே பொதுவாகச் சொல்லும் கணக்கு. ஆகவே மரியாதை மிகுதியால் யாரும் இரண்டாம் முறை குனிந்துவிட வேண்டாம்.

வணக்கம் முடிந்ததும் பெரியவர்கள் இலந்தையையும் கஷ்கொட்டையையும் வாரி வீச, மணமக்கள் ஒரு நீண்ட துணியின் இரு முனைகளைப் பிடித்துக்கொண்டு ஏந்துவார்கள். விழுந்தது எத்தனையோ அத்தனை பிள்ளைகள் என்பது விளையாட்டுக் கணக்கு. இந்த ஒன்றுக்கு நான் யாருக்கும் விளக்கம் சொல்ல வேண்டி வந்ததே இல்லை. சீனப் பாட்டிகள் பார்த்த மாத்திரத்தில் புரிந்துகொண்டு, கொரியப் பாட்டிகளைவிட அதிகமாக அள்ளி வீசுவார்கள். தேன் பூசிய இலந்தையை வாங்காதீர்கள், துணியில் ஒட்டிக்கொள்ளும். அந்தத் துணி வெள்ளையாக இருப்பது கொரிய வழக்கம். சீனர் இருக்கும் அறையில் சிவப்பு விளிம்பு தைத்துக்கொள்வது நல்லது. மரவாத்தையும் இங்கேயே கொண்டுவரலாம். விளக்க அட்டையில் பலர் அதை வாத்து இணை, காதல் பறவை என்றெல்லாம் எழுதிவிடுகிறார்கள். சீனர்கள் கொண்டாடும் மாண்டரின் வாத்து வேறு, இது வலசை போகும் காட்டுப் பெருவாத்து.

உடையைப் பற்றி என் அபிப்பிராயத்தைத்தான் சொல்ல முடியும். காலையில் பெண் வீட்டில் இருவரும் சீன உடையில் இருக்கட்டும். பெண்ணுக்குப் பொன், வெள்ளி நூலில் டிராகனும் பீனிக்ஸும் பூவேலை செய்த குவா, மாப்பிள்ளைக்கு நீண்ட அங்கி. வணக்கச் சடங்குக்கு இருவரும் ஹான்போக். ஒருவர் சீன உடையும் மற்றவர் கொரிய உடையும் அணிந்து பக்கத்தில் பக்கத்தில் நிற்பது படத்தில் அழகாக இருக்கும். நேரில், யார் எந்தப் பக்கம் என்று பெயர்ப்பலகை மாட்டியதுபோல் ஆகிவிடுகிறது. கொரிய மணமகளுக்குப் பழைய வழக்கப்படி பச்சை மேற்சட்டை, சிவப்புப் பாவாடை. அந்தச் சிவப்பு சீனர்களுக்கு நிம்மதி தரும். கொரிய மாப்பிள்ளை அணியும் வட்டக் கழுத்து அங்கியும் சிறகு வைத்த கறுப்புத் தொப்பியும் அரசு அதிகாரியின் உடை. சாதாரணக் குடிமகனுக்குக் கல்யாணத்தன்று மட்டும் அதை அணிய அனுமதி இருந்தது. சீனத்திலும் மணமகனை 'மாப்பிள்ளை அதிகாரி' என்ற பொருள்பட அழைக்கும் சொல் இன்னும் வழக்கில் இருக்கிறது. அம்மாக்கள் இருவரும் ஹான்போக் அணிய ஒப்புக்கொண்டால், பெண்ணின் தாய்க்கு இளஞ்சிவப்பு வகை, மாப்பிள்ளையின் தாய்க்கு நீல வகை. விருந்தின் தொடக்கத்தில் அம்மாக்கள் இருவரும் சேர்ந்து வந்து மெழுகுவர்த்தி ஏற்றுவதும் அதே நிறக் கணக்குதான். சீனத்திலும் கல்யாண மெழுகுவர்த்தி உண்டு, ஆனால் அது சிவப்பு மட்டுமே. நீலத்தைக் கண்டு முகம் வாடும் பெரியவர்களை நான் பார்த்திருப்பதால், இரண்டு மெழுகுவர்த்திகளின் அடியிலும் சிவப்பு நாடா கட்டிவிடுவேன்.

மோதல் வரும் இடங்கள் பெரும்பாலும் பெரிய சடங்குகளில் இல்லை. உறை, எண், மை ஆகிய சில்லறை விஷயங்களில் இருக்கின்றன. கொரியர்கள் கல்யாண மொய்யை வெள்ளை உறையில் தருவார்கள். துக்க வீட்டுக்கும் அதே வெள்ளை உறைதான். மேலே எழுதும் சொல் மட்டும் மாறும். சீனர்களுக்கு வெள்ளை உறை துக்க வீட்டுக்கு மட்டுமே. என் மூன்றாவது கொரியக் கல்யாணத்தில் இதை யாருக்கும் சொல்லாமல் விட்டுவிட்டேன். தவறு முழுக்க என்னுடையது. வரவேற்பு மேசையில் மணமகளின் சிற்றப்பா சிவப்பு உறைகளை வாங்கி அடுக்கிக்கொண்டிருந்தார். சோலிலிருந்து வந்த ஆறு பேர் வரிசையாக நின்று, குனிந்து, இரண்டு கைகளாலும் ஆறு வெள்ளை உறைகளை நீட்டினார்கள். அவர் கை பாதி வழியில் நின்றுவிட்டது. அந்த ஆறு பேரும் என்ன பிழை செய்தோம் என்று தெரியாமல் மறுபடி குனிந்தார்கள். அன்றிலிருந்து, கொரிய விருந்தினர் தங்கும் ஒவ்வோர் அறையிலும் முதல் நாள் மாலையே இரண்டு சிவப்பு உறையும் ஒரு சிறு குறிப்பும் வைக்கச் சொல்லிவிடுகிறேன்.

எண்ணிலும் இதே கதை. மங்கலம் இரட்டையாக வரும் என்பதால் சீனர்கள் இரட்டைப்படைத் தொகை தருவார்கள். எட்டு விருப்பமான எண். கொரியர்கள் மூன்று, ஐந்து, ஏழு என்று ஒற்றைப்படையில் பத்தாயிரம் வொன்களைக் கணக்கிடுவார்கள். பத்து மட்டும் விலக்கு, அது மூன்றும் ஏழும் சேர்ந்தது என்று சமாதானம் சொல்வார்கள். நான்கு மட்டும் இருவருக்குமே ஆகாது, இரண்டு மொழியிலும் அது சாவைக் குறிக்கும் சொல்லைப்போல ஒலிப்பதால். நான்காம் எண் மேசையை எடுத்துவிட்டால் இரு தரப்புக்கும் திருப்தி. அழைப்பிதழ் சிவப்பாக இருக்கலாம். பெயர்களைச் சிவப்பு மையில் அச்சிடாதீர்கள், உயிரோடு இருப்பவர் பெயரைச் சிவப்பில் எழுதுவது கொரியர்களுக்கு அபசகுனம். பொன் நிறம் யாரையும் புண்படுத்தாது. பெரிய கொரியப் பேரிக்காய்ப் பெட்டி அங்கே உயர்ந்த அன்பளிப்பு. சீன மொழியில் பேரிக்காயைப் பகிர்வது என்ற சொல் பிரிவு என்றும் கேட்கும். மாப்பிள்ளை வீட்டார் பழம் கொண்டுவருவதானால் ஆரஞ்சு என்று சொல்லிவிடுங்கள். சுவர்க்கடிகாரம் பரிசளிப்பதும் சீனரிடம் கூடாது.

விருந்தைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் நேரம் அங்கேதான் சிக்கலாகும். கொரிய மண்டபக் கல்யாணம் ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். விருந்தினர் உணவுச் சீட்டை வாங்கிக்கொண்டு சாப்பிட்டுக் கிளம்பிவிடுவார்கள். 1969-இல் அரசு கொண்டுவந்த குடும்பச் சடங்கு நெறிமுறைச் சட்டம் ஆடம்பரத்தைக் குறைக்கச் சொன்னதும் இந்தச் சுருக்கத்துக்கு ஒரு காரணம். இங்குள்ள சீன விருந்தோ ஏழு மணி என்று அச்சிட்டு எட்டு மணிக்குத் தொடங்கும், மூன்று மணி நேரம் போகும். கொரியப் பெரியப்பாக்கள் ஆறே முக்காலுக்கு வந்து உட்கார்ந்து, மேசையில் இருக்கும் வேர்க்கடலையைத் தின்று முடித்து, ஏதோ தவறு நடந்துவிட்டது என்று ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். கொரிய அழைப்பிதழில் மட்டும் ஏழே முக்கால் என்று போடுங்கள். உணவு வரிசை எட்டோ ஒன்பதோ பத்தோ இருக்கட்டும். ஏழு வேண்டாம், கான்டனீஸ் வழக்கில் ஏழு உருப்படி துக்க வீட்டுச் சாப்பாடு. கடைசியில் நூடுல்ஸ் கட்டாயம். கான்டனீஸ் விருந்தில் நீண்ட ஆயுளுக்காக யீ மீன் வரும். கொரியாவிலோ 'எப்போது எங்களுக்கு நூடுல்ஸ் போடப்போகிறாய்?' என்று கேட்டாலே எப்போது கல்யாணம் என்றுதான் பொருள். இரண்டையும் சிறு கிண்ணங்களில் ஒன்றாகப் பரிமாறச் சொல்லுங்கள். சீனாவின் யன்பியன் பகுதியில் வாழும் கொரிய வம்சாவளியினர் கல்யாணப் பெருமேசையில் முழுக் கோழியை வேகவைத்து அதன் அலகில் சிவப்பு மிளகாய் ஒன்றைச் செருகி வைப்பார்கள். இரண்டு பண்பாடுகளும் தலைமுறைகளாக அருகருகே வாழும் ஊர் அது. உங்கள் மேசைக்கு ஓர் அலங்காரம் தேடினால் அதைவிடப் பொருத்தமானது எனக்குத் தோன்றவில்லை.

எல்லாவற்றுக்கும் முன்னால் பேச வேண்டியதை வேண்டுமென்றே பின்னால் வைத்தேன், ஏனென்றால் அது நிரலில் இடம்பெறாது: பணம் எந்தத் திசையில் போகிறது என்பது. சீன வீட்டில் மாப்பிள்ளை தரப்பு பெண் வீட்டுக்குப் பரிசப் பணம் தருகிறது. கொரிய வழக்கில் மாப்பிள்ளை தரப்பு வீடு பார்க்க வேண்டும். பெண் தரப்பு தட்டுமுட்டுச் சாமான்களோடு, மாப்பிள்ளையின் உறவினர்களுக்கு யேதான் என்னும் சீரும் அனுப்பும். இரண்டையும் அப்படியே சேர்த்தால், எதிர்த் தரப்பு தர வேண்டியதைத் தரவில்லை என்று இரு வீட்டாரும் மனத்தாங்கல் கொள்வார்கள். இருவரும் தத்தம் பெற்றோரிடம் தனித்தனியே பேசிவிட்டு, பெரும்பாலோர் செய்வதுபோல் இரு பக்கமும் விட்டுக்கொடுத்து ஒரு பெயரளவுத் தொகையோடு நிறுத்திக்கொள்வது நல்லது. இதில் நீங்கள் தலையிட வேண்டாம். பேசி முடித்தார்களா என்று மட்டும் கேளுங்கள்.

நாள் பார்ப்பதில் ஓரளவு நல்ல செய்தி. பிறந்த ஆண்டு, மாதம், நாள், நேரம் ஆகிய நான்கையும் எட்டு எழுத்தாக எழுதிப் பொருத்தம் பார்க்கும் முறை இருவருக்கும் ஒன்றே. ஆகவே ஒரே சோதிடரின் தாள் இரு வீட்டிலும் செல்லும். கருத்து வேறுபடுவது அதிக மாதத்தில், அதாவது சந்திர ஆண்டில் ஒரு மாதம் இரட்டித்துக் கூடுதலாக வருவதில். 2025-இல் தொடங்கிய சந்திர ஆண்டில் ஆறாம் மாதம் இரட்டித்ததால் வசந்தத் தொடக்க நாள் இரண்டு முறை வந்தது. சீனர்கள் அதைக் கல்யாணத்துக்கு உகந்த ஆண்டு என்றார்கள். கொரியாவிலோ அந்த இரட்டித்த மாதத்தில் கல்யாணத்தைத் தவிர்த்தவர்கள் பலர். வேடிக்கை என்னவென்றால், 1849-இல் எழுதப்பட்ட கொரியப் பருவ வழக்க நூலான தொங்குக் செசிகி, அதிக மாதம் கல்யாணத்துக்கு நல்லது என்றே சொல்கிறது. எனவே பழைய மரபு என்று யாராவது அடித்துப் பேசினால், எத்தனை பழையது என்று மரியாதையாகக் கேட்கலாம். நாள் குறிக்கும் உரிமை கொரிய வழக்கில் பெண் வீட்டாருக்கு, சீன வழக்கில் மாப்பிள்ளை வீட்டாருக்கு. விளைவு என்னவென்றால், இரண்டு பேரும் மற்றவர் சொல்லட்டும் என்று காத்திருப்பார்கள். உங்கள் தோழி மூன்று தேதிகளை எழுதி மாப்பிள்ளையின் தாயிடம் கொடுத்து ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் முடிந்துவிடும்.

சட்டம் தனி. நான் மேலே சொன்ன எந்தச் சடங்கும் பதிவுத் திருமணத்துக்கு ஈடாகாது. சிங்கப்பூரில் உரிமம் பெற்ற பதிவாளர் முன்னிலையில் மணம் முடித்தபின், மாப்பிள்ளை அதை மூன்று மாதத்துக்குள் கொரியக் குடும்பப் பதிவேட்டில் தெரிவிக்க வேண்டும். தேன்நிலவு முடிந்து திரும்பியதும் மறந்துபோகிற காரியம் இதுதான், ஆகவே நிரலின் கடைசி வரியாக இதையும் எழுதிவையுங்கள்.

ஒன்றை மட்டும் கலக்க வேண்டாம் என்பேன். கல்யாணத்துக்கு முந்தைய இரவு சீன வீட்டில் தாயோ நல்வாழ்வு வாழ்ந்த மூத்த பெண்ணோ மணமகளின் தலையை நான்கு முறை வாரி, ஒவ்வொரு வாரலுக்கும் ஒரு வாழ்த்துச் சொல்வார். அந்த அறையில் புகைப்படக்காரரும் வேண்டாம், கொரிய உறவினரும் வேண்டாம், நீங்களும் வேண்டாம். அந்த நேரத்தில் மாப்பிள்ளை வீட்டாரை நல்ல இடத்தில் சாப்பிட அழைத்துப் போங்கள்.

இனி நிரலை மணிக்கணக்கில் வகுக்க எனக்கு இரண்டு விவரம் வேண்டும். தோழியின் பாட்டி எந்தச் சமூகத்தார், மாப்பிள்ளையின் தாத்தா பாட்டி பயணம் செய்து வருகிறார்களா. வருகிறார்கள் என்றால், வணக்கச் சடங்கைப் பகல் பதினொன்றுக்கு மேல் தள்ளாதீர்கள். தரையில் நெடுநேரம் உட்கார அவர்களுக்கு முதுகு சாய்க்க இடம் வேண்டும், எனவே சாய்வு உள்ள தரை நாற்காலி நான்கு இப்போதே சொல்லி வையுங்கள்.